அயனிமரத்தடி அடுப்பு

லியென் போனது 2023 சிவராத்திரிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. செங்கல் ஊர்ச் சிவன் கோயிலுக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை. உதியன்குளங்கரை நிறுத்தத்தில் பஸ்கள் பலதும் நிற்காமலே போய்க்கொண்டிருந்தன. லியெனின் வலது கையில் ஒரு பை. இடது கையில் மணிக்கட்டு வரை ஒரு தோர்த்துத் துண்டைச் சுற்றியிருந்தாள். மாமியார் ஓமனக்குட்டி கொஞ்சம் தள்ளி, பழக்கடை நிழலில் நின்றார். இருவரும் பேசவில்லை. கடைசியில் ஒரு திருவனந்தபுரம் பஸ் வந்தது. லியென் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள் என்று சில நாள் சொல்வார் மாமி. பார்க்கவில்லை என்று சில நாள் சொல்வார்.

அப்போது நான் ஊரில் இல்லை. எல்லாம் பிறகு மாமி வாயால் கேட்டதுதான். அவர் எங்களுக்கு அடுத்த வீடு.

ஓமனக்குட்டி மாமிக்குப் பால்வெட்டு. பிறருடைய ரப்பர் தோட்டங்களில், விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்க் கீறிவிட்டு வருவார். கணவர் விஜயதாஸ் லாரி ஓட்டினார். ஒரு நாள் சரக்கோடு போனவர் வரவில்லை; லாரி கவிழ்ந்துவிட்டது என்று ஆட்கள்தான் வந்தார்கள். மகன் பிஜு அப்போது பள்ளிக்கூடத்தில். அந்த ரப்பர் பாலில்தான் அவன் வளர்ந்தான், படித்தான், பினாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். அங்கே பக்கத்து வரிசையில் நின்று வேலை செய்த வியட்நாம் பெண்தான் லியென். கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தான்.

வேலையிடத்தில் கற்ற பினாங்குத் தமிழ் பேசுகிற மருமகளைப் பார்க்க ஊரே வந்தது. மாமிக்குப் பெருமை. "எனக்க மருமொவளுக்கு நம்மளவிட நல்லா தமிழ் தெரியுமாக்கும்" என்று தோட்டத்தில் எல்லோரிடமும் சொன்னார். சில மாதத்தில் லியெனும் தோட்டத்துக்குப் பால் எடுக்கப் போகத் தொடங்கினாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டிறைச்சி எல்லோரும் தின்பார்கள். ஞாயிறு தோறும் உண்டு. ஆனால் அடுக்களையில் வைக்கமாட்டார்கள். அங்கே சுவரில் சிவபார்வதி படம், அதன் முன்னால் விளக்கு. இறைச்சிக்குத் தனிச்சட்டி, தனி அகப்பை. கொல்லையில் அயனிமரத்தடியில் மூன்று கல் வைத்த அடுப்பு. மாமி கல்யாணமாகி வந்தபோது அவருடைய மாமியார் காட்டிக்கொடுத்த இடம் அது. "சட்டி உள்ள வராது. நம்ம வயித்துல இருந்து எறச்சி மட்டும் உள்ள வரும்" என்று விஜயதாஸ் சிரிப்பாராம்.

லியெனுக்கும் மாமி அதே இடத்தைத்தான் காட்டினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் ஊர்ப் பக்குவம் ஒன்று உண்டு, இலையில் சுருட்டிச் சுடுவது, செய்யட்டுமா என்று மட்டும் கேட்டாள். சந்தையில் இறைச்சிக்கடைப் பொன்னப்பனிடம் மாமி இதைச் சொல்லியிருக்கிறார். அவர் வட்டையிலையில் இறைச்சியைப் பொதிந்துகொண்டே, "இலையில பொதிஞ்ச எறச்சியா? பின்ன நான் இத்தன காலமா என்னத்த விக்கேன்? அவங்க நாட்டுல போய் ஒரு கட போட்டா கொள்ளாமே!" என்றாராம்.

இலைக்குத்தான் கஷ்டம். வெற்றிலையில் சுற்றினாள், கசந்தது. நல்லமிளகுக் கொடியின் இலை தோல் மாதிரி இருந்தது. கிணற்றடியில் தானாகப் படர்ந்துகிடந்த திப்பிலியின் இலையைக் கிள்ளி மோந்தவள், "அம்மா! அம்மா!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தாளாம். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து மாமியும் ஓடினார்.

இறைச்சியைக் கத்தியால் கொத்திக் கொத்திப் பொடியாக்க வேண்டும். இஞ்சிப்புல்லின் வெள்ளைத் தண்டு, பூண்டு, சின்ன உள்ளி, மிளகு, துளி சர்க்கரை. அவர்கள் ஊர் மீன்சாறுக்குப் பதில் நெத்திலிக் கருவாடு ஊறின தண்ணீர். பளபளப்பான பக்கம் வெளியே வரும்படி இலையை வைத்து, பீடி சுற்றுவது போல் சுற்றி, இலைக்காம்பையே அதில் குத்தி மூடவேண்டும். தண்ணீரில் ஊறின ஈர்க்கிலில் கோத்து, சிரட்டைக் கனலில் திருப்பித் திருப்பிச் சுடவேண்டும். மேலே வறுத்த நிலக்கடலை. கூடத் தின்ன இடியாப்பம். அந்த ஞாயிறுகளில் அயனிமரத்தடியில் மூன்று பேரும் முட்டு மடக்கி உட்கார்ந்து தின்றதை மாமி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

பிறகு அந்தச் சிவராத்திரி. மாமி நோன்பிருந்து செங்கல் போய்விட்டு அந்தியில் வீடு வந்தார். அடுக்களைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். லியென் திறந்தாள். உள்ளே சிவபார்வதி படத்தின் நேர் கீழே, கேஸ் அடுப்பில், இறைச்சிச் சட்டியில் இலைச்சுருள்கள் வெந்துகொண்டிருந்தன. அன்று லியெனின் அப்பா இறந்த திதி. அவருக்குப் பிடித்த பண்டம் அது. இது அடுத்த நாள் பிஜு சொல்லித்தான் மாமிக்குத் தெரியும்.

"சட்டியோட தூக்கி முற்றத்துல எறிஞ்சேன், மக்கா. எனக்க வாயால, வெளிய போன்னு சொன்னேன்."

விடிந்ததும் லியென் போய்விட்டாள். தன் நாட்டுக்குப் போகும் டிக்கெட் பணத்துக்குத் தன் மோதிரத்தை விற்றாள். "அம்மா வெரட்டுன பொண்ணு. நான் என்னத்த செய்ய?" என்று பிஜு கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு நடந்தான். மாமியிடமும் அதையே சொன்னான். மாமி மறுக்கவில்லை. மனைவி போன மகனுக்குத் துணி துவைத்து, சோறு விளம்பி, அவன் குடித்துவிட்டு வந்தால் கதவு திறந்துவிட்டு வாழ்ந்தார்.

ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரமே மாமி வந்து நின்றார்.

"ஜோஸ்மி, நீ வியட்நாமுல கொஞ்ச காலம் இருந்தவளாக்கும்லா. அந்த எறச்சிக்க பக்குவம் தெரியுமா?"

"தின்னிருக்கேன் மாமி. சுட்டதில்ல."

"தின்னவளுக்கு ருசி தெரியும்லா? வா."

நான் அயனிமரத்தடிக்குப் போகத் திரும்பினேன். மாமி கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அடுக்களை நடுவில் அந்த மூன்று கல். சுவரில் சிவபார்வதி படம் இல்லை, முன்னறைக்கு மாற்றியிருந்தார்.

"சாமி பொறுத்துக்கிடும். அதுக்குப் போய் இருக்க மலை உண்டு. அவளுக்கு என்ன உண்டு இஞ்ச? ஒரு அடுக்கள கூட நான் குடுக்கல."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அடுக்களைக்குள் சிரட்டைக் கனல். முதலில் இலை பிரிந்து இறைச்சி கனலில் விழுந்தது. பிறகு உப்பு கூடியது. புகையில் எங்கள் இருவர் கண்ணும் நீராய்க் கொட்டும். மாமி துடைக்கவே மாட்டார்.

"கிறுக்கு புடிச்சாச்சா? வீடு பூரா பொகை" என்று பிஜு கத்துவான்.

"ஆமாலே. நீ வெளிய போய் இரி" என்பார் மாமி.

சுருள்கள் ஒருவழியாகக் குலையாமல் வந்த நாளில், அடுக்களையும் கல்லும் தெரியும்படி ஒரு படம் எடுக்கச் சொன்னார். லியெனின் பழைய போன் நம்பர் செத்துப்போயிருந்தது. பேஸ்புக்கில் அவள் கணக்கைத் தேடிப்பிடித்து அனுப்பினேன். கூடவே மாமியின் குரல்: "மக்கா, இப்ப உள்ளதான் சுடுகேன். நீ வந்தா உள்ளயே இருந்து சுடலாம். வருவியா?"

அவள் பார்க்கவே இல்லை. மழைக்காலம் போனது, கிறிஸ்துமஸ் போனது. நான் அடுத்த பயணத்துக்கு விசா போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் மாமி சுருட்டிக்கொண்டே கேட்பார்: "வந்துதா?"

வந்தது, இந்தச் சித்திரையில், ஒரு ஞாயிறு மதியம். குரல் செய்தி. மாமி கை கழுவிவிட்டு வந்து, போனைத் தரையில் வைத்துச் சத்தமாகப் போடச் சொன்னார். பின்வாசலில் பிஜு குளித்துக்கொண்டிருந்தான். வாளியில் கோப்பை முங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரல் பாதி ஓடும்போது அது நின்றுபோனது.

"அம்மா, நான் லியென். போட்டோ இப்பதான் பார்த்தேன். ரொம்ப அழகா சுத்தியிருக்கீங்க. ஆனா ஏன் உள்ள சுடுறீங்க? எங்க ஊர் வீட்லயும் இத வெளியதான் சுடுவோம். நீங்க அந்த மரத்தடிய காட்டினப்போ, எங்க வீடு மாதிரி இருக்குன்னு நினைச்சேன். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

அன்னிக்கும் வெளியதான் சுட்டேன். பிஜு குடிச்சிட்டு வந்து அடுப்ப ஒதைச்சான். நெருப்பு என் கை மேல விழுந்துச்சு. திரும்பவும் அடிக்க வந்தான். தாழ்ப்பாள் போடுற கதவு உங்க குசினிக்குத்தான் இருந்துச்சு. மிச்சம் இருந்தத எடுத்துக்கிட்டு ஓடிவந்து பூட்டினேன். அப்பாவுக்குப் படைக்கணும், அதுக்காக உள்ள சுட்டேன். உங்க சாமிய அவமானப்படுத்த இல்ல.

நான் வர மாட்டேன், அம்மா. கை ஆறிடுச்சு. நீங்க அடுப்ப வெளிய எடுத்து வைங்க, கண்ணுக்கு ஆகாது.

நீங்க திட்டினதுக்காக நான் போகல. பஸ் ஸ்டாப்புல கையில தோர்த்து சுத்தியிருந்தேன் இல்லையா? நீங்க அதப் பார்த்தீங்க. கையில என்னன்னு கேட்பீங்கன்னு, நின்ன ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நின்னேன்."