கண்டிக்குப் போய்வந்த இரண்டு படிவங்கள்

சனிக்கிழமை, காலை 6.10. கட்டுநாயக்க.

புறப்படுமுன் பையைச் சரிபார்த்தேன். இரண்டு நாள் உடுப்பு. குடை. அக்காவுக்குச் சென்னையில் வாங்கிய சேலை. புதிய வேலை ஒப்பந்தத்தின் வரைவு. சோர்வு அறிக்கைப் படிவம் இரண்டு. ஒன்று போதும்; எழுதும்போது பழுதானால் என்று இரண்டு. நான்கு மாதமாக இரண்டும் வெற்றாகவே என்னோடு எல்லா ஊருக்கும் போய் வருகின்றன.

எங்கள் விமானிகள் சங்கத்தின் கூட்டம் கண்டியில். நிறுவனம் தந்திருக்கும் மூன்றாண்டு ஒப்பந்தத்தை ஏற்பதா இல்லையா என்று ஞாயிறு வாக்கெடுப்பு. கொழும்பில் வைத்தால் பாதிப் பேர் இடையில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று மலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கண்டியில் விமானம் இறங்க இடமில்லை. ஆகவே நாங்கள் நான்கு வேன்களில் தரையால் போனோம். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

வேனில் யார் எங்கே இருப்பது என்று யாரும் சொல்வதில்லை. பணிமூப்புப் பட்டியலில் உள்ள எண்படி தானாக நடக்கும். எண் 4, கெப்டன் ஞானம், சாரதிக்குப் பின்னால் ஜன்னலோரம். எண் 58, துணை விமானி ஷிஹான், கடைசிக்கு முந்திய வரிசை. நான் எண் 71. கடைசி வரிசை, சக்கரத்துக்கு மேல், எல்லாருடைய பைகளோடும்.

"டீம் வேர்க் டீம் வேர்க் எண்டு சொல்றாங்களே நித்யா, இதுதான்" என்றான் அக்குறணைக்காரனான ஷிஹான், தன் பையையும் என் மடியில் வைத்து. "எனக்குக் கீழ பதிமூணு பேர் ஈக்கிறாங்க. அதுல ஒராள் நீங்க. என்ன சந்தோஷம் பாருங்க."

காலை 7.25. பஸ்யால.

சாலையோரம் கஜு என்கிற முந்திரிப்பருப்பு விற்கும் பெண்கள் கை அசைத்தார்கள். வேனுக்குள் வாதம் தொடங்கியிருந்தது. புதிய ஒப்பந்தத்தில் கெப்டன்மாருக்கு நல்ல சம்பள உயர்வு உண்டு. அதற்குப் பதிலாக, சோர்வு அறிக்கை கொடுப்பவரைப் பாதுகாத்துவந்த பதினான்காம் பிரிவை நிறுவனம் மாற்றி எழுதியிருக்கிறது: ஒரு விமானி 'களைத்துப்போனேன், பறக்கமாட்டேன்' என்று அறிக்கை கொடுத்தால் அன்றைய சம்பளம் வெட்டப்படும், அறிக்கை அவருடைய தனிப்பட்ட கோப்பில் சேரும்.

"களைப்பு எண்டு சொல்ற ஆள் இந்த வேலைக்கு ஏன் வந்தவர்?" என்றார் முன்னாலிருந்த ஒரு கெப்டன்.

"நாங்க சொல்லல்ல கெப்டன். கொட்டாவிதான் சொல்லுது" என்றான் ஷிஹான்.

கெப்டன் ஞானம் கண்ணாடியில் தலை சாய்த்து உறங்கிவிட்டிருந்தார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவர் அப்படி உறங்குவதை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன், சென்னையிலிருந்து திரும்பும் பறப்பு. அன்றைக்கு அது எங்களுக்கு நான்காவது. பிற்பகல் மூன்று மணி. இருவரும் விடிவதற்கு வெகுமுன்னரே எழும்பியவர்கள். விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, ஓட்டியவர் அவர், கண்காணித்தவள் நான். குறித்த உயரத்துக்கு ஆயிரம் அடி மிச்சமிருக்கும்போது நான் உரக்கச் சொல்ல வேண்டும், அவர் "செக்" என்று பதில் தர வேண்டும். சொன்னேன். பதில் இல்லை. இன்னொருமுறை சொன்னேன். பதில் இல்லை. இரண்டு முறை அழைத்தும் பதில் வராவிட்டால், மற்றவர் செயலிழந்துவிட்டார் என்று கொண்டு கட்டுப்பாட்டை எடுக்க வேண்டும் என்பது விதி. "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று சொல்லி எடுத்தேன். பதினொரு செக்கனுக்குப் பிறகு அவர் கண் விழித்தார். பயணிகளுக்கு எதுவும் தெரியாது. நல்லபடியாக இறங்கினோம்.

எஞ்சினை நிறுத்திய பிறகு அவர் சொன்னார்: "பிள்ளை, எழுத வேண்டாம் எண்டு நான் சொல்லேலாது. எழுதினா எனக்கு என்ன நடக்கும் எண்டும் உமக்குத் தெரியும்." ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம். என் வேலை அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டும். அதற்கான மதிப்பீட்டை எழுத வேண்டியவரும் அவர்தான். நான் எழுதவில்லை. அவர் மிரட்டவில்லை, நான் தான் எழுதவில்லை.

காலை 8.50. கடுகண்ணாவ.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஹட்டன்காரரான சாரதி திரும்பாமலே சொன்னார்: "சேர்மாரே, வளைவு முடியிற மட்டும் கொஞ்சம் பேசாம வாங்க."

அந்தக் கணமே வேன் அடங்கிப்போனது. பத்தாயிரம் அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சுக் கூடாது என்று பழகியவர்கள் நாங்கள். சாரதிக்கு அது தெரியாது. மேலே தேநீர்க்கடையில் நிறுத்தியபோது, "இவ்வளவு சொல்பேச்சுக் கேக்குற ஆளுங்கள நான் ஏத்துனதே இல்ல" என்றார். இஞ்சி போட்ட, பால் சேராத பிளேன்டீ அறுபது ரூபாய். பள்ளத்தாக்குக்கு அப்பால் பத்தலேகல மலை பனியில் பாதி தெரிந்தது. குடித்து முடிக்குமுன் இரண்டு முறை கைக்கடிகாரம் பார்த்தேன். அவசரம் எதுவும் இல்லை.

முற்பகல் 11.30. கண்டி, வாவிக்கு மேலே ஒரு ஹோட்டல்.

கூட்டம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடந்தது, தமிழில் தருகிறேன். நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த மனிதவள முகாமையாளர் மரியாதையானவர். கதிரைகள் போதாமல் நின்றவர்களுக்குத் தாமே கதிரை தேடிக் கொடுத்தார். பிறகு ஒரேயொரு தாளைக் காட்டினார்.

"சோர்வு, சோர்வு என்கிறீர்கள். இந்த ஆண்டில் எங்களுக்குக் கிடைத்த சோர்வு அறிக்கைகள் பூச்சியம். இல்லாத பிரச்சினைக்கு எதற்கு ஒரு பாதுகாப்புப் பிரிவு?"

அந்தப் பூச்சியத்தில் என் பங்கு ஒன்று என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் கெப்டன் ஞானத்தின் பிடரி மட்டும் தெரிந்தது.

பிற்பகல் 3.40. பேராதனை.

கண்டியிலிருந்து பஸ்ஸில் ஆறு கிலோமீட்டர். நின்றுகொண்டே போனேன். அக்கா பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி. சீருடையோடு வாசலுக்கு வந்து சேலையை வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"கலரு நல்லாருக்கு. நீ தான் நல்லால்ல. என்னா ஆச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாக.

"ஒரு மாத்திரை மாத்திக் குடுத்தாலும் நாங்க எழுதணும்டி. எழுதுனா திட்டு விழும். எழுதலன்னா அடுத்த ஷிஃப்ட்டு புள்ளயும் அதையே மாத்திக் குடுக்கும்" என்றாள். பிறகு, "அவரு நல்ல மனுஷனா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லவரு."

"அப்ப அவருகிட்டயே மொதல்ல சொல்லிட்டு எழுது. முதுகுக்குப் பின்னால வேணாம்."

மணி அடித்தது. சேலையை என்னிடமே தந்துவிட்டு ஓடி, பாதியில் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினாள்.

ஞாயிறு, காலை 6.30. வாவி.

வாவியைச் சுற்றி நடக்க மூன்று கிலோமீட்டர் சொச்சம். கெப்டன் ஞானம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நான் எட்டிப் பிடித்தேன்.

"கெப்டன், இன்னைக்கு அந்தச் சென்னைப் பறப்பைப் பத்திச் சபையில சொல்லணும். நீங்க சொல்றீங்களா?"

அவர் தண்ணீருக்கு மேல் ஒரு கிளையில் சிறகு விரித்திருந்த நீர்க்காகத்தைப் பார்த்தார். "இதுகளுக்கு டியூட்டி நேரம் இல்லை, பாரும்" என்றார். பிறகு தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். பாதிச் சுற்று முடிந்தது. பதில் வரவில்லை. மனதுக்குள் அழைப்பு ஒன்று என்று எண்ணிக்கொண்டேன்.

முற்பகல் 10.20. அதே மண்டபம்.

வாக்குச் சீட்டுகள் கைமாறத் தொடங்கியிருந்தன. முகாமையாளர் கடைசியாகக் கேட்டார்: "பழைய பதினான்காம் பிரிவு தேவை என்பதற்கு ஆதாரம் யாரிடமாவது இருக்கிறதா?"

பின்னாலிருந்து எழுந்தேன். "கெப்டன் ஞானம், சொல்றீங்களா?"

தலைகள் திரும்பின. அவர் திரும்பவில்லை. ஐந்து செக்கன். பத்து. அழைப்பு இரண்டு.

அதற்குப் பிறகு என் வாயில் வந்தது பழகிய சொல்தான். "ஐ ஹாவ் கன்ட்ரோல்."

யாரோ சிரித்தார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து, திரும்பாமலே, தாழ்ந்த குரலில் பதில் வந்தது: "யூ ஹாவ் கன்ட்ரோல்." விமானி அறையில் மற்றவர் அதைச் சொன்னால்தான் கைமாற்றம் முழுமையாகும். சிரிப்பு நின்றுவிட்டது.

பறப்பு, நேரம், உயரம், இரண்டு அழைப்பு, பதினொரு செக்கன். அவ்வளவும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"ஏன் அப்போதே எழுதவில்லை?" என்றார் முகாமையாளர்.

"எழுதாதது என் பிழை. ஏன் என்றால், அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். என் பெயரோடு அப்படியொரு தாள் இருப்பதை நான் விரும்பவில்லை. வேறு காரணம் இல்லை."

அவர் குறித்துக்கொண்டார். பிறகு, "எழுத்தில் ஒன்று கையில் கிடைத்தால் அந்தப் பிரிவைத் திரும்பப் பேசலாம். வாய்ப்பேச்சை வைத்து என்னால் முடியாது" என்றார். வாக்கெடுப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனது. சம்பள உயர்வும் அதோடு தள்ளிப்போனதால், மதியச் சாப்பாட்டில் என் மேசைக்கு வந்தவர்கள் குறைவு. ஷிஹான் வந்தான். பேசாமல் சாப்பிட்டான், அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

பிற்பகல் 1.45. திரும்பும் வேன்.

நான் கடைசி வரிசையில் பைகளோடு இருந்தேன். கெப்டன் ஞானம் ஏறினார். தன் ஜன்னலோர இருக்கையைத் தாண்டி, ஷிஹானைத் தாண்டி, என் பக்கத்தில் வந்து இருந்தார். முன்னுக்கு யாரும் அவர் இடத்தில் இருக்கத் துணியவில்லை. அது காலியாகவே வந்தது.

"இங்க குலுக்கும் கெப்டன்" என்றேன்.

"குலுக்கினா நித்திரை வராது. எடும் போர்மை."

பேராதனைப் பாலம் தாண்டும்போது படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். முடித்ததும் வாங்கி வாசித்தார். ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"பதினொரு செக்கனோ?"

"எண்ணினேன்."

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் அங்க இல்லைத்தானே." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பேனாவை வாங்கி, மற்ற விமானியின் கூற்று என்றிருந்த பெட்டியில் நான்கு வரி எழுதி ஒப்பமிட்டார். "உம்மட மதிப்பீட்டையும் நாளைக்கே அனுப்பிவிடுறன். அதுக்கும் இதுக்கும் தொடர்பு இல்லை. ஒரே திகதியில போனா கதை கட்டுவாங்கள். கட்டட்டும்."

அவருடைய ஒன்றரை வருடம் என்னவாகும் என்று கேட்க நினைத்தேன். அதற்கிடையில் சாரதி சொல்லிவிட்டார்: "சேர்மாரே, எறக்கம்." வேன் அடங்கியது.

போகும்போது இந்த மலை ஏறுவதற்கு எவ்வளவு நேரமெடுத்தது என்று குறித்து வைத்திருந்தேன். இறங்குவதைக் குறிக்க மறந்துவிட்டேன். என் பயணக் குறிப்புகளில் வெற்றாகக் கிடக்கும் ஒரே இடம் அதுதான். வேலை நிரந்தரமாகுமா என்பதற்கு எதிரேயும் எழுத எதுவும் இருக்கவில்லை. ஆனால் அதை நான் குறிப்புப் புத்தகத்தில் கேட்டிருக்கவில்லை.

மாவனல்லையில் வளைவுகள் முடிந்தன. படிவத்தின் மேல்மூலையில் ஒரு சிறு கட்டம் இன்னும் காலியாக இருந்தது: இந்த ஆண்டின் தொடர் எண்.

"எத்தனை?" என்றேன்.

"ஒண்டு" என்றார் கெப்டன் ஞானம்.

எழுதினேன். எங்களுக்கு முன் வரிசையில் ஷிஹானின் தலை மெதுவாகத் திரும்பியது. வேனில் ஏறியதிலிருந்து அவன் வாய் திறந்தது அதுதான் முதல்முறை.

"நித்யா, இன்னொரு போர்ம் ஈக்கா?"

பையைத் திறந்து இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன்.

"பழுதாக்கிடாதீங்க" என்றேன். "இனி மிச்சம் இல்ல."