அவருக்காகக் கற்ற மராத்தி

மாடி வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து குடிவந்த கம்ப்யூட்டர் வேலைப் பெண், "மராத்தி இவ்வளவு நல்லாப் பேசறீங்களே ஆன்ட்டி, எப்படிக் கத்துக்கிட்டீங்க? எனக்கும் ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டாள். சொன்னேன். பாதிதான் சொன்னேன். மீதியைக் கேட்டால் அவள் மராத்தி பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

கல்யாணமாகிப் பூனாவில் இந்த விஷ்ராந்த்வாடிக்கு வந்தபின் பல வருஷம் மராத்தி இல்லாமலே ஓட்டினேன். எங்கள் சந்தில் பாதி தமிழ்க் குடும்பங்கள். மளிகைக் கடைக்காரர் நம்மவர். காய்கறி வாங்க உடைந்த இந்தி போதும். மற்றதையெல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். அவர் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவர். படித்தது மராத்திப் பள்ளிக்கூடம், ஃபேக்டரி சிநேகிதர்களும் மராத்திக்காரர்கள். வீட்டுக்குள் மட்டும்தான் தமிழ். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் பள்ளிக்கூட வாசலில் நின்று நாலு பேரோடு பேசவேண்டிய அவசியமும் எனக்கு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சில வாரங்களில் பேச்சு திரும்பியது, ஆனால் மராத்தி மட்டும்தான் திரும்பியது. நான் தமிழில் சொன்னால் புரிந்துகொண்டு தலையாட்டுவார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மராத்திதான் வரும். சிலருக்கு இப்படி ஆகும், தமிழும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு? "ஏ புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறார். தண்ணீரா, போர்வையா, வலியா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். அவர் சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

கற்றுத் தொலைக்கலாம் என்று கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் ஒரு புத்தகம் வாங்கிவந்தேன். ரயில் நிலையம் எங்கே என்று கேட்கச் சொன்னது முதல் பாடம். கட்டிலில் கிடப்பவரிடம் ரயிலுக்கா வழி கேட்கப்போகிறேன்? மூடிப் பரணில் போட்டேன்.

மாடி வீட்டுப் பெண்ணுக்குச் சொன்ன பாதி இதோ இதுதான். ஊரெல்லாம் சுற்றாமல் ஒரே ஓர் ஆளைப் பிடித்துக்கொள் என்றேன். எனக்கு ஆளந்தி ரோட்டில் கீரை விற்ற அம்மாள் கிடைத்தாள். என் உடைந்த இந்தியில், அன்றைக்கு வேண்டிய ஒரே விஷயத்தைக் கேட்பேன். வலி என்றால் வலி, சாப்பாடு என்றால் சாப்பாடு. அவள் மராத்தியில் சொல்வதை வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். தப்பாகச் சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். வயதான பிறகு நமக்கு மொழி வராமல் போவது பெரும்பாலும் வெட்கத்தால்தான். அப்புறம், பேச அவசரப்படக் கூடாது. முதலில் காது பழகவேண்டும்.

காது பழக எனக்கு வீட்டிலேயே வசதி இருந்தது. ஃபேக்டரியில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒரு மராத்திக்காரர் சாயந்திரமானால் வந்து கட்டிலோரம் உட்கார்வார். என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அந்தச் சிநேகிதரிடம் திக்கித் திக்கி நிறையப் பேசினார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. டீயைக் கொடுத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். தண்ணீர், மாத்திரை மாதிரி நாலு சொல் எனக்குப் புரிவது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அதற்குமேல் நான் கற்றுக்கொண்டிருப்பது தெரியாது. நன்றாக வந்தபிறகு ஒருநாள் பேசி அவரை அசத்தவேண்டும் என்று சின்னப்பெண் மாதிரி எனக்கு ஆசை.

ஒரு மழைக்காலச் சாயந்திரம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசுவதை மனசுக்குள் தமிழில் மாற்றிப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது திடீரென்று உறைத்தது. எல்லாம் அப்படியே புரிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் என்ன சொல்கிறார் என்பது மனதில் ஏறும்வரைதான் அந்தச் சந்தோஷமும்.

"அன்னைக்கே மொத்தமாப் போயிருக்கணும். என்னைத் தூக்கித் தூக்கியே இவ செத்துடுவா. நான் போயிட்டா இவ அண்ணன் வீட்டுல நிம்மதியா இருப்பா. சாமிகிட்ட அதைத்தான் கேக்கறேன்" என்று மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். சிநேகிதர் அவர் கையைத் தடவியபடி, "தினமும் இதையே சொல்றியேப்பா" என்றார். தினமும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைப் பழக்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. "மீ குட்டேச் ஜாணார் நாஹி" என்றேன். நான் எங்கேயும் போகமாட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் முழு மராத்தி வாக்கியம் அதுதான்.

"அரே வா, வஹினி!" பலே அண்ணி என்று சிநேகிதர் கைதட்டினார். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோலப் பதறி, நல்ல கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் சிநேகிதர் வந்தபோது மழையைப் பற்றிப் பேசினார்கள். அதற்கடுத்த நாளும் மழைதான். நான் டீயைக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்று பார்த்தேன். உள்ளே சத்தமே இல்லை. எங்களுடையது ஒற்றை அறை வீடு, வாசலில் நின்றாலும் எல்லாம் கேட்கும். சிநேகிதரும் வருவதை மெல்லக் குறைத்துக்கொண்டார்.

அதன்பிறகும் என் வீட்டுக்காரர் சில வருஷம் இருந்தார். தமிழ் வரவேயில்லை. தண்ணீர் கொடு, மாத்திரை கொடு, ஜன்னலைச் சாத்து என்று என்னிடம் மராத்தியில் சொல்வார். மனசுல இருக்கறதைச் சொல்லுங்க, இப்போ எனக்கு எல்லாம் புரியும் என்று கெஞ்சினேன், அழுதேன். தலையை மட்டும் ஆட்டுவார். மனம்விட்டுப் பேச அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு மொழி. அதை நான் கற்றுக்கொண்டுவிட்டேன்.