கந்தசஷ்டிக்கு ஒரு சூப் பைக்கற்

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணி. நான் முதலில் கண்டது ஒரு கையை. அது அம்மாவிடமிருந்த சூப் பைக்கற்றை வாங்கி மறுபடி கடைத் தட்டில் வைத்தது.

கைக்குச் சொந்தக்காரர் எங்கள் தெருக் கடைக்காரர். யூதர், அறுபத்தைந்து வயதிருக்கும். சூரிச்சில் அந்தத் தெருவுக்கு நாங்கள் வந்து ஒன்றரை வருடம். அவருடைய கடையில் இறைச்சிச் சாமான் ஒரு பக்கம், பால் சாமான் மறுபக்கம். இரண்டும் ஒருநாளும் கலப்பதில்லை. வெள்ளி பொழுதுபடுமுன் பூட்டிவிடுவார். சனி முழுக்கத் திறக்கமாட்டார்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினார். முந்தின கிழமைதான் இன்னொரு கடையில் எங்களைக் கதவோடு நிறுத்தியிருந்தார்கள்.

“கறுப்புக் கை பட்டா சாமான் பழுதாப்போமோ?” வீடு வரும்வரை அம்மா இதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டுக் கந்தசஷ்டி. ஆறு நாளும் பகலில் பட்டினி. பொழுதுபட்டபின் ஒருவேளை மரக்கறிச் சாப்பாடு. அண்ணனுக்காகப் பிடித்த விரதம். யாழ்ப்பாணத்தில் இராணுவம் அவரைக் கொண்டுபோய் இரண்டு மாதம். உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. விரதம் பிழையாகிப்போனால் அண்ணனின் தலையில் விடியும் என்று அம்மா நம்பினார். நானும் நம்பி, வகுப்பில் யாரோ நீட்டிய சொக்லேட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாடி ஏறிய மூச்சிரைப்போடு கடைக்காரர். கையில் வேறொரு பைக்கற். ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்கு வயது ஒன்பது.

“அம்மா, மற்றதிலை மாட்டுக் கொழுப்பு கிடக்காம். படத்திலை மட்டும்தான் கரட்டாம். இது எண்ணெயிலை செய்ததாம்.”

அம்மா பைக்கற்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “நான் விரதமெண்டு இவருக்கு ஆர் சொன்னது?”

ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா இறைச்சி வாங்குவதில்லை. இம்முறை வெள்ளிக்கு முன்பே நிறுத்திவிட்டார். இதைக் கடைக்காரர் பார்த்து வைத்திருந்தார். அந்த மாட்டுக் கொழுப்பு அவருக்கு ஆகும். எங்களுக்கு ஆகாது என்று கவனித்தவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

விரதம் யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். தானும் உலக யுத்தக் காலத்தில், அண்ணனின் வயதில் தனியே எல்லை தாண்டி இந்த நாட்டுக்கு வந்ததாகவும், அகதி முகாமில் இருந்துகொண்டு தாயின் சேதிக்காகக் காத்திருந்ததாகவும் சொன்னார்.

“பிறகு சேதி வந்ததோ எண்டு ஐயாவைக் கேள்.”

கேட்டேன். இல்லை என்றார். யன்னலில் வெளிச்சம் குறைவதைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். அம்மா வெகுநேரம் கதவைச் சாத்தவில்லை. அந்தக் காலத்தில் இங்கே தொலைபேசி இருந்திராது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் அண்ணன் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கதைத்தார்.