குறுப்பு சாரும் தூரத்துச் சூரியனும்

பிரபாகரக் குறுப்பு கிராம அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கேரளத்துக் குட்டநாட்டில் தன் ஊர் வாசகசாலைக்கு அவர்தான் செயலாளர். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. எதைப் பற்றியும் பேசலாம் என்ற உரிமை மட்டும் உண்டு. அதை அவர் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

அந்த மிதுன மாத மழையில், அதாவது ஆனியில், ஊரே காய்ச்சலில் படுத்தது. ஓடை அடைத்துக்கொண்டதால் எலிகள் நீந்தும் தண்ணீர் வீட்டு வாசல்வரை வந்து நின்றது. வயலில் இறங்கிய கூலிக்காரர்கள்தான் முதலில் விழுந்தார்கள். ஓடையைத் தூர்வாருங்கள் என்று அவர்கள் வருஷக்கணக்கில் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. குறுப்பின் கைபேசிக்கு வந்த ஒரு செய்தி மட்டும் உடனே ஏறியது.

"பூமி சூரியனைச் சரியான வட்டமா சுத்தல," என்று வாசகசாலைக் கூட்டத்தில் முழங்கினார் குறுப்பு. "கொஞ்சம் நீண்ட வட்டம். தனு மாசத்துல கிட்ட போகும். இப்போ மிதுனத்துல ரொம்பத் தூரம் போயிடும். அதான் குளிரு, அதான் காய்ச்சல்!"

முதல் பாதி உண்மை. உண்மையின் தோளில் ஏறி வரும் பொய்க்குத்தான் நம் ஊரில் மாலை மரியாதை. மார்கழியில் கிட்டே இருப்பதற்கும் ஆனியில் தூரத்தில் இருப்பதற்கும் வித்தியாசம் நூற்றுக்கு மூன்று பங்குதான். வெயிலும் குளிரும் பூமி சாய்ந்து சுற்றுவதால் வருகிறவை. ஆனால் செய்தியில் அது இல்லை.

வார்டு மெம்பர் சசாங்கன் பலமாகக் கைதட்டினார். "சாரே, இப்பத்தான் வெளங்குது! சூரியன் தூரமாப் போனா பஞ்சாயத்து என்ன பண்ணும்?"

பின்னால் நின்ற கூலிக்காரர் குஞ்ஞச்சன் கேட்டார்: "கூலிக்காரன் வீட்டுக்கு மட்டும்தான் அது தூரமா மெம்பரே? உங்க மேட்டு வீட்டுல ஒருத்தருக்கும் தும்மல்கூட இல்லியே!"

சிரிப்பு அடங்கியதும் குறுப்பு கண்டித்தார். "அறிவியல்ல அரசியலைக் கலக்காதே."

கால் விரலில் வெட்டுக்காயத்தோடு அதே தண்ணீரில் நடந்துதான் அவர் வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் அவருக்கும் காய்ச்சல். கெண்டைக்கால் கடுத்தது, கண் சிவந்தது. போர்வைக்குள் புகுந்து சுக்குக் காப்பி கேட்டார். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே கோபம்.

"வயலுக்குப் போன கூலிக்காரன் தேவசியும் இதே கண்ணோடதான் படுத்தான். எந்திரிக்கவே இல்ல," என்றாள் மனைவி சௌதாமினி.

"இது சூரியன் தூரமாப் போனதால வந்தது. தானா போயிடும்."

தோஹாவிலிருந்து மகன் போனில் கெஞ்சினான். "அச்சா, இங்க வெளிய இறங்கினா செருப்பு உருகுது. உங்க சூரியன் எங்களுக்குத் தூரமாப் போகலியா?"

"அங்க மண்ணுக்கடியில எண்ணெய் இருக்குடா!"

சௌதாமினி போனை வாங்கி வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "தனு மாசத்துல சூரியன் கிட்ட இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"தனு மாசத் திருவாதிரைக்கு விடியக்காலம் குளத்துல முங்கிட்டு, பல்லு தந்தியடிக்க நான் வந்தேன். 'குளிருதுடி, கதவைச் சாத்து'ன்னு போர்வைக்குள்ள இருந்து கத்தினீங்க. அப்போ உங்க சூரியன் எங்க போயிருந்தது?"

குறுப்பு கையை நீட்டிக் கைபேசியை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி படித்தார்.

"எந்திரிங்க. படகு நிக்குது."

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா கேட்டாள், "அழுக்குத் தண்ணியில நடந்தீங்களா, அங்கிள்?"

"அது வந்து... சூரியன்..."

"சூரியனுக்கு அப்புறம் ரத்தம் எடுக்கலாம். இப்ப உங்க கையை நீட்டுங்க."

எலிக்காய்ச்சல். சிறுநீரகம் கைவிடும் நேரத்தில் மருந்து பிடித்துக்கொண்டது. கண் தெளிந்த அன்று சசாங்கன் ஆரஞ்சுப் பையோடு வந்து நின்றார். "இனி பயமில்ல சாரே. பூமி சூரியன் பக்கம் திரும்பி வந்திட்டிருக்கு."

"அது யாரும் சொல்லாமலே வரும். நீ அனுப்பினாத்தானே ஓடைக்கு மண்வெட்டிக்காரன் வருவான்? எப்போ அனுப்புவே?"

சசாங்கன் ஆரஞ்சை வைத்துவிட்டு நழுவினார்.

வீடு திரும்பிய குறுப்பு, குஞ்ஞச்சனையும் தேவசியின் மனைவியையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து வாசலில் போய் உட்கார்ந்தார். வாசகசாலையே பின்னால் வந்து உட்கார்ந்த பிறகு ஓடையைத் தூர்வாரினார்கள். தண்ணீர் ஒழுங்காக வடிந்தது. தேவசிக்குத்தான் அது பிந்திவிட்டது.