மாசி மகத்துக்கு முன்னால் ஒரு மீன் சாப்பாடு

அவனுடைய விரதத்தைக் கெடுத்தது நீ. இத்தனை வருஷமாக அதைச் சொல்லாமல் நல்லவனாக நடமாடுவதும் நீதான்.

நீ, நான், அவன், மூவரும் அலோர் காஜா பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில் மூவரும் ஒரே தொழிற்சாலைக்கு பஸ் ஏறினோம். உனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அதைக் கொண்டாட எங்களைக் கடலோரம் மீன் சாப்பிடக் கூப்பிட்டாய்.

அவன் வரமாட்டேன் என்றான். அவன் மனைவிக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று மாசி மகத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். ஒரு மண்டல விரதம். தாடி வளர்த்து, பாயில் படுத்து, கேண்டீனில்கூடச் சாப்பிடாமல் வீட்டிலிருந்து டிபன் கொண்டுவருவான். விரதம் முடியச் சில நாட்கள்தான் இருந்தன. அது உனக்கும் தெரியும். வராவிட்டால் என் சந்தோஷத்தில் உனக்குப் பங்கில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்று நீ பேசிய பேச்சில்தான் அவன் காரில் ஏறினான்.

தண்ணீருக்கு மேல் கட்டைகளை ஊன்றிப் பலகை அடித்த கடை அது. ஒரு மலாய்க் குடும்பம் நடத்தியது. அப்பா படகிலிருந்து மீன் கொண்டுவருவார். மகள் வாணலியில் கிண்டுவாள். அடுப்புக்கரியில் வாழையிலை போட்டு மீன் சுடுவது அம்மா. மக்சிக், அதாவது அத்தை, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் அவரிடம் போய், தான் விரதம் என்றும், வெறும் சோறும் பூண்டு போட்டுத் தாளித்த கங்கோங் கீரையும் போதும் என்றும் மலாயில் சொன்னான். மக்சிக் சலித்துக்கொள்ளவில்லை. எங்கள் நோன்பு மாதிரிதானே என்றார். ஒரு சின்ன வாணலியைத் தேய்த்துக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, மகளிடம் இதில் கீரை மட்டும் என்று சொல்லிவிட்டு நெருப்புப் பக்கம் போனார்.

அப்போது ஒரு படகு வந்து மீன் இறக்கியது. நானும் அவனும் எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ வரவில்லை. நீ அந்தப் பெண்ணிடம் போனாய், அவளே பிறகு சொன்னாள். அவன் விரதம் முடிந்துவிட்டது, எல்லோருக்கும் போடுகிற மாதிரி பெலாச்சான் போட அம்மா சொல்லிவிட்டார் என்றாய். அவள் நம்பினாள். இறாலை இடித்துக் காயவைத்த அந்தக் கட்டியைக் கிள்ளிப் போட்டுக் கிண்டிக் கொண்டுவந்து வைத்தாள்.

மேஜையில் எங்கள் சம்பல் இருந்தது, நண்டு இருந்தது, மீன் புகை கண்ணை எரித்தது. அந்த இடத்தில் எதிலிருந்து என்ன வாசனை வருகிறது என்று யாருக்குத் தெரியும்? அவனுக்கு நல்ல பசி. சாப்பிட்டான். தட்டில் பாதி காலியானதும் நீ சிரித்தாய்.

"எப்படி இருந்துச்சு பெலாச்சான்? பாதி சாமியாரு, நல்லாத்தான்லா அடிக்கிற."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கைப்பிடிக் கட்டைக்குப் போய்க் குனிந்து, தொண்டையில் விரலை விட்டு அத்தனையையும் கடலில் கக்கினான். முகம் கழுவிக்கொண்டு வந்து உன் எதிரில் நின்றான்.

"தெரிஞ்சேவா செஞ்ச?"

"சும்மா வெளையாட்டுக்குலா மச்சான். கொஞ்சூண்டுதான் போடச் சொன்னேன்."

"என் பொண்டாட்டி வயித்துல வெளையாடிட்டடா."

மக்சிக் ஓடிவந்து மகளைத் திட்டினார். அந்தப் பெண் அழுதுகொண்டே உன்னைக் கைகாட்டினாள். மக்சிக் ஒரு தட்டில் வெறும் சோறும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, மன்னித்துவிடு தம்பி என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? நீ நண்டை உடைத்துக்கொண்டிருந்தாய்.

திரும்ப முதலிலிருந்து விரதம் இருக்க வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். அதற்கு நாள் இல்லை. அவன் காவடி எடுக்கவில்லை. வீட்டில், கடலோரக் கடையில் சாப்பிட்டு விரதம் முறிந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். உன் பெயரைச் சொல்லவில்லை. ஏன்டா என்று கேட்டேன்.

"அவன் செஞ்சத அவன்தான் வந்து சொல்லணும்."

நீ போகவில்லை. குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தது. பிறகு அதற்குக் காய்ச்சல் வந்தாலும் சளி பிடித்தாலும் அவன் மாமியார் சொல்வது ஒன்றுதான்: கடலோரத்தில் நாக்கை அடக்க முடியாதவன் பிள்ளைக்கு வேறென்ன வரும்? மனைவி அதை நம்பினாள். பிள்ளைக்கு மொட்டை போட்ட நாளில்கூட அவனைக் கோயிலுக்குள் விடவில்லை. வெளியே காரில் உட்கார்ந்திருந்தான்.

நான் போய் நடந்ததைச் சொன்னேன். கூட்டாளிக்குக் கூட்டாளி சாட்சியா என்றார் மாமியார். உன்னைக் கேட்டார்கள். நான் அப்போது மீன் பொறுக்கப் போயிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றாய். பொய்.

பிறகு மக்சிக்கிடம் போனேன். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு என்னோடு பாயா ரும்புட்டில் இருந்த அவன் வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். மாமியார் தேநீர் கொடுத்தார், தலையாட்டினார். அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டுவதற்குள், நம் வீட்டு விரதத்துக்கு மலாய்க்காரம்மாவா சாட்சி என்றார். மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் திரும்பிப் பார்த்தார்.

முருகன் பெலாச்சானுக்காக ஒரு சிசுவைத் தண்டிப்பார் என்று நான் நம்பவில்லை. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். ஆனால் அந்த வீட்டில் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் அவன் தினமும் குற்றவாளியாகச் சோறு தின்கிறான். மகள் வளர்ந்துவிட்டாள். அவளும் அப்பாவை அப்படித்தான் பார்க்கிறாள்.

இப்போது நீ கோயில் கமிட்டியில் இருக்கிறாய். மாசி மகத்தன்று மைக்கைப் பிடித்துக் காவடிக்காரர்களுக்கு விரத சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறாய். நான் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பிசிறில்லாமல் பேசுகிறாய்.

நான் சொன்னால் எடுபடாது, அந்தம்மா சொல்லியும் எடுபடவில்லை. நீ சொன்னால் எடுபடும். வருகிற மாசி மகத்துக்கு அவன் மாமியார் வருவார், மனைவி வருவாள், மகள் வருவாள். அவர்கள் காதில் விழ, அதே மைக்கில், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். அவன் தெரிந்து சாப்பிட்டானா, இல்லையா?