அக்காளின் கெட்டித் தண்டை

அக்காள் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்காக அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்குக் குறைவில்லை. என் கோபத்தைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குடுமியான்மலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர்கள் அக்காள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னைத் தூக்கி வளர்த்தவர்களும் அவர்களே. கொலுசுச் சத்தத்தை வைத்தே அக்காள் எங்கே ஓடுகிறார்கள் என்று அப்பா சொல்லிவிடுவார்கள். அறந்தாங்கிப் பக்கம் வாழ்க்கைப்பட்டபோது கொலுசு போய்த் தண்டை வந்தது. திருகாணி இல்லாத கெட்டி வெள்ளி. நகை செய்யும் பத்தர் அதைக் காலில் மாட்டி, சுத்தியலால் தட்டி வாயை மூடினார். தாலியைப் போல அதுவும் புருஷன் இருக்கும்வரை இறங்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

அத்தான் ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனார்கள். அங்கே சண்டை மூண்டு குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றது. அக்காள் அசரவில்லை. நிலக்கடலை பயிரிட்டு, மாடு வளர்த்து, மாமியாரையும் பார்த்துக்கொண்டார்கள். வாசலுக்கு வந்த யாரையும் பசியோடு அனுப்பியதில்லை.

பிறகுதான் தண்டைக்கு அடியில் புண் வந்தது. கால் வீங்கி, வெள்ளி சதைக்குள் இறங்கியது. "மொதல்ல இதை வெட்டி எடுங்கம்மா, மருந்து போடவே எடமில்லை" என்றார் டாக்டர். நான் பத்தரை அழைத்துப் போனேன். மகனைக் காணாமல் தவித்த மாமியார் வாசலிலேயே மறித்தார்கள்.

"எம்மகன் இருக்கானா இல்லையான்னு ஒரு சேதி இல்லை. அதுக்குள்ள தண்டையை வெட்ட வந்துட்டியா?"

கூடியிருந்த உறவினர்களும், "கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே" என்றார்கள். பொறுப்பதற்கு அது அவர்கள் கால் இல்லையே! சரி, அக்காளாவது கேட்பார்கள் என்று பார்த்தால், காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"வேணாம்டி. அவுக எங்கிட்டோ உசுரோட இருப்பாக. இதை வெட்டிட்டா, அவுக இல்லைன்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்."

எவ்வளவோ மன்றாடினேன். பத்தர் மறுபடியும் வந்து, வெறுங்கையோடு திரும்பினார். காய்ச்சல் கண்டது. அக்காள் போய்விட்டார்கள்.

துக்கத்துக்கு வந்த பெண்கள், "மகராசி, தாலியும் தண்டையுமாப் போயிட்டா" என்று மெச்சினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் கேளுங்கள். வெள்ளியோடு சிதையில் வைக்கக் கூடாதாம். அதே பத்தருக்கு ஆள் அனுப்பி, இரண்டு தண்டையையும் வெட்டி எடுத்தார்கள். அப்போது யாரும் சகுனம் பார்க்கவில்லை.

புண்ணைக் கழுவ வெயிலில் வந்துபோன டாக்டருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த பத்தருக்கும், கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தான் உயிரோடுதான் இருந்தார்கள். சண்டை ஓய்ந்து, அக்காளின் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "அதை வெட்டியிருந்தா, நான் அங்க செத்தா போயிருப்பேன்?"

இந்த மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களில் யாரிடமாவது அதற்குப் பதில் இருந்தால், அத்தான் வாசலில்தான் நிற்கிறார்கள், அவர்களிடமே சொல்லிவிட்டுப் போங்கள்.