நாற்பத்திரண்டாவது டன்லினில் கேட்ட தட்டல்

இதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அல்வின், உன் பெண்டாட்டி போய் மூணு மாசம்தான் ஆகுது. மனசு அப்படித்தான் எதையாவது காட்டும்." காட்டட்டும். ஆனால் மனசை ரம்பம் போட்டு அறுத்தெடுக்க முடியாது. நான் அறுத்தெடுத்த துண்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நம்பாதவர்கள் இங்கிலாந்தில் எங்கள் ஊர் லட்லோவுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

டன்லின் என்றொரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட், ஃபைபர் பாடி. எங்கள் ஊரில் ஒரு கொட்டகையில் வைத்துக் கையாலேயே செய்தார்கள். மொத்தம் நாற்பத்தோரு வண்டி. 1973இல் திடீரென்று மூடிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள். போன வருஷம் ஒரு பண்ணையில் வைக்கோலுக்கு அடியில் அந்தப் பாடியின் பழைய அச்சு கிடைத்தது. என் மகள் இமோஜனுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. நாற்பத்திரண்டாவது வண்டியை நாமே செய்வோம் என்றாள். இன்ஜின் அவள் பொறுப்பு. பாடி என் பொறுப்பு. முப்பது வருஷம் படகுகளுக்கு ஃபைபர் போட்டவன் நான்.

அச்சின் முதுகில் சிவப்பு பெயின்டில் ஒரு பெயர் இருந்தது. சிரில் பெப், 1969.

செப்டம்பரில் என் மனைவி மெரியல் இறந்துபோனாள். அதன் பிறகு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அழுகை வரவில்லை. பசி வரவில்லை. கொடுத்தால் சாப்பிட்டேன். காலையில் கொட்டகைக்குப் போனேன். அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் பசை பூசி, உருளையால் தேய்த்து, மறுபடி துணி, மறுபடி ரெசின்... எல்லாம் கைபாட்டுக்கு நடந்தது. எந்த அடுக்கை எப்போது போட்டேன் என்று கேட்டால் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடுக்குகளுக்கு நடுவில் காற்று தங்கிவிட்டால் அந்த இடத்தில் பலமே இருக்காது. அதனால் காய்ந்ததும் பாடி முழுக்க ஒரு காசால் தட்டிப் பார்ப்போம். நல்ல இடம் 'டிங்' என்று கேட்கும். காற்று தங்கிய இடம் 'டொக்' என்று கேட்கும். ஃபைபர் போட்ட ஆளே தட்டக் கூடாது. வேறொருவர்தான் தட்ட வேண்டும். போட்டவன் காதுக்கு எல்லாமே டிங் என்றுதான் கேட்கும்.

இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? நானே தட்டினேன். எல்லாம் டிங்.

டிசம்பர் 12, வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை பழைய விமானத்தளத்தில் முதல் ஓட்டம். முழு வேகத்தில் போய் பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டப்போவது இமோஜன்.

மாலை 3.38. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. டயர் எடுத்துவரக் கிளம்பிய இமோஜன் வாசலில் நின்றாள்.

"டீ போட்டு வச்சிருக்கேன்ப்பா. இதையாவது குடிங்க. நேத்து போட்டது ஆடை கட்டிக் கெடக்கு."

"ம்."

"'ம்'னா குடிப்பீங்களா, மாட்டீங்களா?"

"போயிட்டு வா."

"அம்மா இருந்திருந்தா கப்பை உங்க தலையில கவுத்திருப்பா."

அவள் வண்டிச் சத்தம் தேய்ந்தது. கொட்டகையில் நான் மட்டும்.

3.44.

டிங்... டிங்... டிங்...

ஹீட்டர் தகடு சூட்டில் நெளிகிறது என்று நினைத்தேன். ஹீட்டரை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. ஒரே சீராக, இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கேட்ட சத்தம் அது. யாரோ காசால் தட்டிப் பார்க்கிறார்கள்... வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சுற்றிப் போனேன். ஆள் இல்லை. நான் அந்தப் பக்கம் போனதும் சத்தம் இந்தப் பக்கம் வந்தது.

பயப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை. டீ கப்பைப் பார்ப்பதுபோல் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

3.51. இப்போது வண்டிக்கு உள்ளே. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால்.

டிங்... டிங்...

டொக்.

நின்றுவிட்டது.

டொக். டொக். டொக்.

டார்ச்சை எடுத்துக் குனிந்தேன். சீட் பெல்ட்டின் போல்ட்டைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம். சாக்பீஸ். நாங்கள் நீலப் பென்சில்தான் வைத்திருக்கிறோம். கொட்டகையில் சாக்பீஸே கிடையாது.

வட்டத்திலிருந்து தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

என் காசால் தட்டினேன்.

டொக்.

காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு... என்னோடு சேர்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

நான் திரும்பவில்லை. ரம்பத்தை எடுத்தேன்.

4.20க்கு இமோஜன் உள்ளே ஓடிவந்தாள். "ஐயோ, என்னப்பா பண்றீங்க? நாளன்னிக்கு ஓட வேண்டிய வண்டிய அறுக்கறீங்க?"

"காத்து தங்கியிருக்கு."

"எங்க?"

"உன் பெல்ட் போல்ட்டுல."

அவள் டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

துண்டு கையோடு வந்தது. விரலால் ஒடிக்க முடிந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஒரு காசு கிடந்தது.

கறுத்துப்போன பழைய பெரிய பென்னி. 1936. விளிம்பில் ஒரு வெட்டு. மூன்று வாரத்துக்கு முன் என் கையால் போட்ட அடுக்குகளுக்கு நடுவில். சுற்றிலும் இறுகிய ரெசின். காசில் மட்டும் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. பனிக்கட்டிச் சில்லிப்பு. செப்டம்பருக்குப் பிறகு அன்றுதான் எனக்குக் குளிர் தெரிந்தது.

சனிக்கிழமை ஓட்டத்தை நிறுத்திவிட்டோம். தொலைபேசிப் புத்தகத்தில், அச்சின் முதுகில் இருந்த பெப் என்ற பெயரில் ஒரே ஒரு வீடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். கதவைத் திறந்தவர் சிரிலின் மனைவி ஐவி. வயது தொண்ணூற்றொன்று. டன்லின் என்றதும் முகம் இறுகியது.

"இந்த வீட்டுல அந்தப் பேரைச் சொல்றதில்லப்பா. வந்துட்டீங்க, உக்காருங்க." டீ ஊற்றிக்கொண்டே சொன்னார். "நாப்பத்தோராவது வண்டி. அவங்க அம்மாவை அடக்கம் பண்ணின மறுநாளே இவர் வேலைக்குப் போனாரு. 'கை மரத்துக் கெடக்கு ஐவி'ன்னாரு. தட்டிப் பாக்கற ஆள் அன்னிக்கு வரல. இவரே தட்டிட்டாரு. ஓட்டிப் பாத்தது எங்க பையன் கொலின்."

"பெல்ட்டா?"

"ஃபைபரோட பிச்சுக்கிட்டு வந்துருச்சு."

காசை மேசைமேல் வைத்தேன். ஐவி அதைத் தொடவில்லை. குனிந்து விளிம்பைப் பார்த்தார்.

"இந்த வெட்டு நான் போட்டது. தட்டற காசை மறந்துபோய்க் கடையில குடுத்துடுவாருன்னு, அரத்தால ராவி வச்சேன். எங்க எடுத்தீங்க இத?"

சொன்னேன்.

"1998ல அவர் போனப்ப, சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னால அவர் கையில நான்தான் வச்சேன். வெரலை மடக்கி விட்டேன். நானே."

காசை ஒரு கரண்டியால் என் பக்கம் தள்ளினார். "நீங்களே வச்சுக்குங்க. அவருக்கு இன்னும் வேலை முடியல போல. டீ ஆறுது பாருங்க."

குடித்தேன்.

அந்த இடத்தைப் புதிதாகப் போட்டு, ஜனவரியில் வண்டி ஓடியது. இமோஜன்தான் ஓட்டினாள். பெல்ட் பிடித்தது. இப்போது அச்சில் நாற்பத்து மூன்றாவது பாடி காய்கிறது. ஃபைபர் போடுவது நான்தான். தட்டிப் பார்க்க இன்னும் ஆள் வைக்கவில்லை. 3.44க்கு அந்தப் பென்னியைப் பாடிமேல் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, வெளியே போய் நிற்கிறேன்.

திரும்பி வரும்போது, வேண்டிய இடங்களில் வட்டம் போட்டிருக்கிறது.